கேள்வி – பதில்: பனிக்கட்டிக்குள் துகள்கள் அசைவதில்லையா?

இம்மாதம் வந்த கடிதங்களில் திண்மம், திரவம், வாயு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பாடத்தில் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும் பகுதி இது. ஆனால் அதை ஒட்டிய தவறான எண்ணங்கள் பெரியவர்களிடமும் நெடுநாள் தங்கிவிடுகின்றன என்பதைக் கடிதங்கள் காட்டுகின்றன.

என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய குறிப்பேட்டில் திண்மத்துக்கு நெருக்கமான வட்டங்களும், திரவத்துக்குச் சற்று விலகிய வட்டங்களும், வாயுவுக்கு மிகவும் விலகிய வட்டங்களும் வரையப்பட்டுள்ளன. "பனிக்கட்டியில் துகள் கெட்டியாகவும் தண்ணீரில் மெத்தென்றும் இருக்குமா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
– வாசகி, கரூர்

துகள் மாறுவதில்லை என்று சொல்லுங்கள். பனிக்கட்டியில் இருப்பதும், குவளைத் தண்ணீரில் இருப்பதும், இட்லிக் கொப்பரையிலிருந்து எழும் ஆவியில் இருப்பதும் ஒரே நீர் மூலக்கூறுதான். ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த அந்த மூலக்கூறு உறையும்போது கெட்டியாவதும் இல்லை. உருகும்போது இளகுவதும் இல்லை. கெட்டித்தன்மையும் ஓட்டமும் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்து நடந்துகொள்ளும் விதத்துக்கு நாம் வைத்த பெயர்கள்.

அந்த விதத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன என்பது ஒன்று; வெப்பநிலை தரும் ஆற்றலால் அவை ஓயாமல் அசைகின்றன என்பது மற்றொன்று. பிடி ஓங்கியிருந்தால் ஒவ்வொரு துகளும் தன் இடத்தை விட்டு விலகாமல் அங்கேயே அதிர்ந்துகொண்டிருக்கும், அதுவே திண்மம். அசைவு சற்று ஓங்கினால் துகள்கள் ஒன்றையொன்று தொட்டபடியே இடம் மாறிக்கொண்டிருக்கும், அது திரவம். தண்ணீரில் ஒரு மூலக்கூறு தன் அண்டை மூலக்கூறோடு கொள்ளும் பிணைப்பு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கே நிலைக்கிறது. உடனே அது வேறோர் அண்டையைப் பிடித்துக்கொள்கிறது. அசைவு முழுவதும் வென்றுவிட்டால், மோதும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் துகள்கள் தனித்தனியே பறக்கும், அது வாயு.

பனிக்கட்டிக்குள் துகள்கள் அசையாமல் நிற்கின்றன என்பது பரவலான தவறு. 0 டிகிரி செல்சியஸில் உள்ள பனிக்கட்டியிலும், அதே வெப்பநிலையில் அதைச் சுற்றி நிற்கும் தண்ணீரிலும் மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் ஏறத்தாழ ஒன்றேதான். ஒன்றில் அந்த அசைவு ஓரிடத்துக்குள் அடங்கியிருக்கிறது. மற்றொன்றில் இடம் விட்டு இடம் போகிறது.

இனி, அந்தப் படத்தைப் பற்றி. திரவத்துக்கு விலகிய வட்டங்களை வரைவதை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான பொருள்கள் உருகும்போது அவற்றின் பருமன் சில விழுக்காடுதான் கூடுகிறது. மிகுதியாகக் கூடும் பலவற்றிலும் பதினைந்து விழுக்காட்டையொட்டியே நிற்கிறது. துகளுக்கும் துகளுக்கும் இடையிலான தொலைவாகப் பார்த்தால் இது பெரும்பாலும் ஐந்து விழுக்காட்டைக்கூடத் தாண்டாது. படத்தில் கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. உண்மையான தாவல் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் 100 டிகிரியில் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. மூலக்கூறுகளுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ பன்னிரண்டு மடங்காகிறது. ஆகவே திரவத்தின் வட்டங்களையும் ஒன்றையொன்று தொடுமாறே வரையச் சொல்லுங்கள். வரிசை மட்டும் கலைந்திருக்கட்டும்.

தண்ணீரோ இந்தப் படத்தையே தலைகீழாக்கும் பொருள். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் பிடித்துக்கொண்டு நிற்பதால் நடுவே வெற்றிடங்கள் உண்டாகின்றன. உருகியதும் அந்த ஒழுங்கு குலைந்து, சில மூலக்கூறுகள் அந்த வெற்றிடங்களுக்குள் நெருக்கியடித்துப் புகுந்துவிடுகின்றன. அதனால்தான் தண்ணீரைவிடப் பனிக்கட்டி ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உறைபெட்டியில் நிரம்ப வைத்த கண்ணாடிப் புட்டி வெடிப்பதும், பனிக்கட்டி மிதப்பதும் அதனால்தான். தண்ணீரைப் பொறுத்தவரை, பனிக்கட்டியின் வட்டங்களுக்கு நடுவேதான் இடைவெளி விட வேண்டும் என்று உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். அவள் கேட்கும் அடுத்த கேள்வியை எனக்கு எழுதியனுப்புங்கள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. உறைந்தால்தான் சுத்தமான தேங்காய் எண்ணெய் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பொள்ளாச்சி

இரண்டும் எண்ணெய்தான் என்றாலும் அவற்றின் மூலக்கூறுகளின் வடிவம் வேறு. தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை. அவற்றில் பாதியையொட்டி லாரிக் அமிலம் ஒன்றே இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தின் சங்கிலி நேராக நீளக்கூடியது. தீக்குச்சிகளைப் பெட்டியில் அடுக்குவதுபோல அவற்றை நெருக்கமாக அடுக்க முடியும். நெருங்கி அடுக்கப்பட்டால் ஒன்றையொன்று பிடிக்கும் விசை நீளம் முழுவதும் செயற்படும். 24 டிகிரி செல்சியஸையொட்டிய வெப்பநிலையிலேயே அந்தப் பிடி அசைவை வென்றுவிடுகிறது. மார்கழி விடியலில் பொள்ளாச்சி அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். நல்லெண்ணெயில் மிகுந்திருப்பவை ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும். அவற்றின் சங்கிலிகள் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வளைந்திருக்கின்றன. வளைந்த குச்சிகளை நெருக்கி அடுக்க முடியாதல்லவா? பிடி தளர்வாகவே இருப்பதால் உறைவதற்கு இன்னும் கடுமையான குளிர் வேண்டும்.

எண்ணெய் பனிக்கட்டியைப்போலக் குறிப்பிட்ட ஒரே வெப்பநிலையில் உறைவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். முதலில் கலங்கும், பிறகு அடியில் வெண்மையாகப் படியும், கடைசியில்தான் முழுவதும் இறுகும். பல வகை மூலக்கூறுகளின் கலவையாக அது இருப்பதே காரணம். நெய்யிலும் இதைக் காணலாம்: உருக்கிய நெய்யை மெதுவாக ஆறவிட்டால் மூலக்கூறுகள் நிதானமாக வரிசையில் சேர்ந்து பெரிய படிகங்களாக வளரும், நாம் விரும்பும் "மணல் மணலான" நெய் அதுதான். சட்டென்று குளிர்வித்தால் படிகங்கள் வளர நேரமின்றி நெய் மழமழவென்று உறைந்துவிடும்.

சுத்தத்தைப் பற்றிய நம்பிக்கையை மட்டும் கைவிடுங்கள். எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் லாரிக் அமிலமே மிகுதி. அது கலந்திருந்தாலும் குளிரில் இதேபோலத்தான் உறையும்.

சோறு வேகும்போது கொதி வந்தபின் தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகும் என்று நானும், வேகாது என்று என் கணவரும் வாதிடுகிறோம்.
– வாசகி, திருநெல்வேலி

உங்கள் கணவர் சொல்வதே சரி. கொதிக்கத் தொடங்கியபின் நீங்கள் தரும் கூடுதல் வெப்பம் தண்ணீரின் வெப்பநிலையை உயர்த்துவதில்லை. மூலக்கூறுகளை ஒன்றின் பிடியிலிருந்து மற்றொன்றை விடுவிப்பதிலேயே அது முழுவதும் செலவாகிறது. தண்ணீர் வேகமாக வற்றும். அரிசிக்குக் கிடைப்பதோ அதே 100 டிகிரிதான்.

வெப்பம் ஏற ஏற வெப்பநிலையும் ஏறியே ஆக வேண்டும் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், 1760களில் கிளாஸ்கோவில் இருந்த ஜோசப் பிளாக் என்னும் மருத்துவப் பேராசிரியர் அது அப்படியல்ல என்று அளந்து காட்டினார். உருகும்போதும் கொதிக்கும்போதும் வெப்பமானியில் தெரியாமல் மறைந்துபோகும் அந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி. அந்த நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 100 கலோரி. அதை ஆவியாக்க 540 கலோரி. இந்த மூன்று எண்களே துகள்களின் கதையைச் சொல்லிவிடுகின்றன. உருகும்போது வரிசை மட்டுமே கலைகிறது; அண்டை மூலக்கூறுகள் அண்டையிலேயே இருக்கின்றன. ஆவியாகும்போது பிடி முற்றிலும் அறுபட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அத்தனை செலவு.

இதை அடுப்படியில் எச்சரிக்கையாகவும் நினைவில் வையுங்கள். கொதிநீர் ஒரு கிராம் கையில் பட்டு உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது 63 கலோரியைத் தருகிறது. அதே அளவு நீராவி பட்டால் அது முதலில் நீராக மாறுவதற்கே 540 கலோரியைத் தோலில் இறக்கிவிட்டு, அதன்பின் அந்த 63 கலோரியையும் தருகிறது. குக்கர் மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

விரைவாக வேக வேண்டுமானால் கொதிநிலையையே உயர்த்த வேண்டும். பிரஷர் குக்கர் அதைத்தான் செய்கிறது: உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல இரு மடங்கானால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் நிலைமை நேர் எதிர். அங்கே 93 டிகிரியை எட்டும் முன்பே தண்ணீர் கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகிறது.

தண்ணீர் 100 டிகிரியில்தான் ஆவியாகும் என்றால் கொடியில் போட்ட துணி எப்படி உலர்கிறது? மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது?
– வாசகர், விருதுநகர்

100 டிகிரி என்பது கொதிநிலை. ஆவியாவதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒரே வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மிக மெதுவானவை, பல நடுத்தரமானவை, மிகச் சில மிக வேகமானவை. வேகமான ஒன்று மேற்பரப்புக்கு வந்து, மேல்நோக்கிய திசையில் இருக்க நேர்ந்தால், மற்றவற்றின் பிடியை அறுத்துக்கொண்டு காற்றில் போய்விடும். கொதிப்பதோ மேற்பரப்பில் மட்டுமன்றித் திரவத்தின் உள்ளேயே குமிழிகள் தோன்றி எழுவது.

எஞ்சியவற்றைக் கவனியுங்கள். வேகமானவை போய்விட்டால் மீதமிருப்பவற்றின் சராசரி வேகம் குறைகிறது. சராசரி வேகம் குறைந்தது என்பதும் வெப்பநிலை குறைந்தது என்பதும் ஒன்றே. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் பானையின் வெளிப்புறம் முழுவதையும் மேற்பரப்பாக்கிவிடுவதால் இந்த இழப்பு இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கிறது. எவர்சில்வர் பானைக்கு இது முடியாது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால், வெளியே போகும் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ ஈடாகக் காற்றிலிருந்து மூலக்கூறுகள் திரும்பி வந்து சேரும். அதனால்தான் கடற்கரை ஊர்களில் புழுக்கமான நாளில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. உங்கள் ஊர் வறண்ட காற்றில் பானை நன்றாகவே வேலை செய்யும்.

காற்றின் மூலக்கூறுகள் துப்பாக்கிக் குண்டைப்போல ஓடுகின்றன என்று படித்தேன். அப்படியானால் பூசை அறையில் ஏற்றிய ஊதுபத்தியின் மணம் கூடத்துக்கு வரச் சில நிமிடங்கள் ஆவது ஏன்?
– கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி

உங்கள் ஐயம் வரலாற்றில் இடம்பெற்ற ஐயம். வாயு மூலக்கூறுகள் நொடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் செல்கின்றன என்று ஜெர்மானிய இயற்பியலறிஞர் ருடால்ஃப் கிளௌசியஸ் 1857ஆம் ஆண்டு கணக்கிட்டு எழுதியபோது, டச்சு வானிலையறிஞரான பைஸ் பாலட் இதே மறுப்பைத்தான் எழுப்பினார். அவ்வளவு வேகமானால் அறையின் ஒரு மூலையில் உள்ள மணம் மறுமூலைக்குக் கணத்தில் வந்துவிட வேண்டாமா என்பது அவர் கேள்வி. அந்த மறுப்பை எதிர்கொள்ளும்போதுதான் கிளௌசியஸ் 1858இல் ஒரு புதிய கருத்தை உருவாக்கினார்: மூலக்கூறு வேகமாக ஓடினாலும் நெடுந்தொலைவு ஓடுவதில்லை, அடுத்த மூலக்கூறோடு மோதித் திசை மாறிவிடுகிறது.

நம் அறைக் காற்றில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக நொடிக்கு 470 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இரண்டு மோதல்களுக்கு இடையில் அது செல்லும் தொலைவோ ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. நொடிக்கு அறுநூறு, எழுநூறு கோடி முறை அது மோதுகிறது. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் எவ்வளவு விரைந்து நடந்தாலும் முன்னும் பின்னும் தள்ளப்பட்டு, இருந்த இடத்தைச் சுற்றியே இருப்பார் அல்லவா? அதே நிலைதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மோதி மோதி நகரும் இந்த விரவல் ஒன்றினால் மட்டும் மணம் ஒரு மீட்டர் பரவ வேண்டுமென்றால் பல மணி நேரம் ஆகும். உங்கள் கூடத்துக்குச் சில நிமிடங்களில் வந்தது காற்றின் ஓட்டத்தால்: மின்விசிறி, திறந்த சன்னல், ஊதுபத்தியின் சூட்டில் எழும் காற்று ஆகியவை மணத்தைச் சுமந்து வந்தன. விரவலுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் ஊதுபத்தியை ஏற்றிக் காட்டும் வழக்கம் உண்டு. ஆசிரியர்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டாவது அதைச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சமையல் எரிவாயு உருளைக்குள் இருப்பது வாயுவா, திரவமா? தீரும் நேரத்தில் உருளையைப் படுக்கவைத்து எரிக்கலாமா?
– வாசகி, சேலம்

பெரும்பகுதி திரவம், அதன் மேலே சிறிதளவு வாயு. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த அந்த எரிபொருளை அழுத்தத்தால் நெருக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றின் பிடிக்குள் மற்றொன்று வந்து திரவமாகிவிடுகின்றன. அதனால்தான் 14.2 கிலோ எரிபொருள் அந்தச் சிறிய உருளைக்குள் அடங்குகிறது. வாயுவாக வெளிவந்தால் அது ஏறத்தாழ 250 மடங்கு இடத்தை அடைக்கும். வெயிலில் திரவம் விரிவதற்காக உருளையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் காலியாகவே விடுகிறார்கள்.

நீங்கள் அடுப்பைத் திறக்கும்போது மேலே உள்ள வாயு வெளியேறுகிறது. உடனே கீழே உள்ள திரவத்திலிருந்து மூலக்கூறுகள் எழுந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. திரவத்தில் ஒரு சொட்டு இருக்கும்வரை இது நடப்பதால், கடைசி நாள் வரைக்கும் அழுத்தம் பெரிதாகக் குறையாமல் தீ சீராக எரிகிறது. மண்பானைக்குச் சொன்ன காரணத்தாலேயே, நெடுநேரம் எரிக்கும்போது உருளையும் குளிர்ந்து அதன் வெளிப்புறத்தில் நீர் அரும்பும்.

படுக்கவைக்கவே கூடாது. அப்படிச் செய்தால் வால்வுக்கு வாயுவுக்குப் பதில் திரவம் வந்துவிடும். குழாய்க்குள் புகும் அந்தத் திரவம் 250 மடங்காக விரிந்து அடுப்பில் பெருந்தீயாக எழலாம். சில வேளைச் சமையலுக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

டப்பாவில் வைத்த கற்பூரம் கரைந்து காணாமல் போகிறது. உருகியதாகவும் தெரியவில்லையே?
– வாசகி, காரைக்குடி

உருகவில்லை, பதங்கமாகிறது. கற்பூர மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடி மிகவும் மென்மையானது என்பதால் மேற்பரப்பில் உள்ளவை திரவமாகாமலேயே காற்றில் கிளம்பிவிடுகின்றன. இறுக்கமான மூடியுள்ள சிறிய டப்பாவில், முக்கால் பங்கு நிரம்பும்படி வையுங்கள். உள்ளே கற்பூர ஆவி நிறைந்ததும், போகும் அளவுக்கே மூலக்கூறுகள் திரும்பிப் படியத் தொடங்கிவிடும். மூடியின் உட்புறத்தில் சில நேரம் வெண்துகளாக ஒட்டியிருப்பது அப்படித் திரும்பிய கற்பூரம்தான்.

கண்ணாடி மிக மெதுவாக வழியும் ஒரு திரவம் என்கிறார்களே?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. கண்ணாடியின் துகள்கள் திரவத்தில் இருப்பதுபோல வரிசையின்றி இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை இடம் மாறுவதில்லை, ஆகவே அது திண்மமே. ஐரோப்பியப் பழந்தேவாலயங்களின் சன்னல் கண்ணாடிகள் சில அடியில் தடித்திருப்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டைச் சீரான தடிமனில் செய்ய முடியவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

இத்தனை சிறிய துகள்கள் இருப்பதையும் அசைவதையும் முதலில் எப்படி உறுதிசெய்தார்கள்?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

1827ஆம் ஆண்டு ராபர்ட் பிரௌன் என்னும் ஸ்கொட்லாந்துத் தாவரவியலறிஞர், நீரில் மிதந்த நுண்துணுக்குகள் நுண்ணோக்கியின் கீழ் ஓயாமல் துடிப்பதைக் கவனித்தார். அவர் கண்டது மகரந்தமணிகளின் துடிப்பு என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் மகரந்தமணிக்குள் இருந்து வெளிப்பட்ட, அதைவிட மிகச் சிறிய துணுக்குகளையே அவர் கண்டார். உயிருள்ளதால் துடிக்கிறதோ என்று ஐயுற்று, உயிரற்ற பொருள்களையும் பொடித்துப் போட்டுப் பார்த்தார். எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து வந்த ஒரு கல் துணுக்கும் அவற்றில் ஒன்று. அதுவும் துடித்தது.

கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதித் தள்ளுவதே இதற்குக் காரணம் என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் கணக்காக்கினார். இத்தனை நேரத்தில் துணுக்கு சராசரியாக இத்தனை தூரம் விலகியிருக்கும் என்று அளந்து சரிபார்க்கக்கூடிய சமன்பாட்டைத் தந்தார். பாரிஸில் ழான் பெரன் ஒரு மஞ்சள் மரப்பிசினின் சம அளவுத் துணுக்குகளைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, அவற்றின் நகர்வை அளந்து, அந்தச் சமன்பாடு பொருந்துவதைக் காட்டினார். அணு என்பது வசதிக்காக வைத்துக்கொண்ட கற்பனை என்று அதுவரை சொல்லிவந்த வேதியியலறிஞர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 1909இல் தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். பெரனுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே ஒரு நீர் மூலக்கூறை மட்டும் தனியே எடுத்தால் அது திண்மமா, திரவமா, வாயுவா?
– எட்டாம் வகுப்பு மாணவி, தருமபுரி

மூன்றும் இல்லை, கண்ணு. பிடிப்பதற்கு இன்னொன்று இல்லாதபோது உறையவும் முடியாது, ஓடவும் முடியாது. அப்படியானால் எத்தனை சேர்ந்தால் பனிக்கட்டி ஆகும் என்று நீ அடுத்துக் கேட்பாய். ஆய்வாளர்கள் அதையும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்: நீர் மூலக்கூறுகளின் சிறு கூட்டங்களை எண்ணிக்கை வாரியாகப் பிரித்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 275 மூலக்கூறுகள் சேர்ந்த கூட்டத்தில்தான் பனிக்கட்டிக்கு உரிய ஒழுங்கு முதன்முதலாகத் தலைகாட்டியது என்று 2012இல் வெளியிட்டார்கள். அதற்கும் சிறிய கூட்டங்களில் அந்த ஆய்வில் அந்த ஒழுங்கு தென்படவில்லை.